ஒரே முகவரிக்கு இருவர்: ஐபி மோதலை இயங்குதளங்கள் கையாளும் விதம்

உள்வலையில் ஒரு கணினிக்கு 192.168.1.50 என்ற முகவரி இருக்கிறது. அதே வலையில் இன்னொரு சாதனமும் அதே எண்ணைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. அடுத்து என்ன நடக்கும்? கேள்வி எளியதுதான். பதிலோ அந்தக் கணினியில் ஓடுவது விண்டோஸா, லினக்ஸா, மேக்ஓஎஸ்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா என்பதைப் பொறுத்து மாறும். எந்தப் பதிப்பு, முகவரி கையால் கொடுத்ததா தானாக வந்ததா என்பதும் அதில் சேரும். ஒன்று முகவரியை விட்டுக்கொடுத்து ஒதுங்கிவிடும். ஒன்று பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். இன்னொன்று எதுவுமே நடக்காததுபோல் இருக்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதுதான். மோதல் நடக்கிறதா என்று கண்டறிவது பொறியியல் கேள்வி. அதற்கு நல்ல விடைகள் உண்டு. மோதும் இருவரில் முகவரி யாருக்குச் சொந்தம் என்பது உரிமைக் கேள்வி. அதற்கான விடை கணினிக்குள் எங்கேயும் இல்லை. நாற்பதாண்டு வளர்ச்சியில் இயங்குதளங்கள் முதல் கேள்வியில் நன்றாகவே தேறிவிட்டன. இரண்டாவதில் ஒவ்வொன்றும் தன் பயனர் யார் என்பதைப் பார்த்து ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. அந்த ஊகங்கள் எவை, எங்கே செல்லும், எங்கே பிசகும் என்று பார்ப்பதே இக்கட்டுரை.

கேட்டதை நம்பும் நெறிமுறை

ஈதர்நெட் வலையில் பாக்கெட்டைக் கொண்டுசேர்ப்பது ஐபி முகவரி அல்ல. வலை அட்டையின் 48 பிட் வன்பொருள் முகவரி. மேக் முகவரி என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்த ஐபிக்கு எந்த மேக் என்று கண்டுபிடித்துத் தருவது ஏஆர்பி. அதை வரையறுத்த ஆர்எஃப்சி 826 என்ற ஆவணத்தை 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதினார். முறை இதுதான்: "192.168.1.50 யார்?" என்று ஒரு கணினி வலை முழுவதற்கும் கேட்கும், அந்த முகவரிக்காரர் தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதில் அனுப்பும், கேட்டவர் அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும்.

சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் இடம் இந்த முறையில் எங்குமே இல்லை. அதைவிடக் கூர்மையான ஒரு விதியும் அந்த ஆவணத்தில் உண்டு. ஏஆர்பி பாக்கெட் ஒன்று வந்தால், அது கேள்வியா பதிலா என்று பார்ப்பதற்கு முன்பே, அனுப்பியவரின் ஐபி நம் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தால் அதற்கு எதிரே உள்ள மேக் முகவரியைப் புதுப்பித்துவிட வேண்டும். கடைசியாக வாய் திறந்தவர் சொன்னதே செல்லும் என்பதுதான் இதன் பொருள். வலை அட்டையை மாற்றும்போது எல்லோரும் தானாகவே புது அட்டையைத் தெரிந்துகொள்ள இது வசதி. ஒரே முகவரிக்கு இருவர் வந்துவிட்டால் இதே வசதி தொல்லை.

ஒவ்வொரு கணினியின் அட்டவணையும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படுவதால், அலுவலகத்தில் பாதிப் பேருக்கு 192.168.1.50 என்பது கோப்பு சர்வர். மீதிப் பேருக்கு யாரோ கொண்டுவந்த மடிக்கணினி. சற்று நேரத்தில் அட்டவணைகள் காலாவதியாகி மறுபடி கேட்கும்போது பங்கீடு மாறும். சர்வரோடு கோப்பு பரிமாறிக்கொண்டிருந்த ஒருவரின் டிசிபி பாக்கெட் திடீரென மடிக்கணினிக்குப் போகும். தனக்குத் தெரியாத இணைப்புக்கான பாக்கெட் என்பதால் மடிக்கணினி இணைப்பை முறிக்கும் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலை அறுந்துவிடும். மடிக்கணினியின் தீயரண் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கினால் இணைப்பு அறுவதுகூட இல்லை, தொங்கிக்கொண்டே இருக்கும். இதற்கிடையில் பிங் செய்து பார்ப்பவருக்கு இருவரில் யாராவது ஒருவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதால், "வலை நன்றாகத்தானே இருக்கிறது" என்ற தவறான முடிவு கிடைக்கும்.

கடைசிச் சொல்லே செல்லும் என்ற விதியையும் எல்லா இயங்குதளமும் அப்படியே பின்பற்றுவதில்லை. ஒரே கேள்விக்கு அடுத்தடுத்துப் பல பதில்கள் வந்தால் லினக்ஸ் கெர்னல் முதலில் வந்ததையே வைத்துக்கொள்ளும். ஒரு பதிவைப் புதுப்பித்தபின் ஏறத்தாழ 1 நொடிக்கு அதை மாற்றாமல் பூட்டிவைக்கும் அளவுரு அதில் உண்டு. அட்டவணை ஆட்டம் காண்பதைத் தடுக்கவும், விரைவாகப் பதில் சொல்லும் ரவுட்டரைத் தேர்ந்தெடுக்கவும் இப்படிச் செய்கிறோம் என்று கெர்னல் நிரலில் உள்ள குறிப்பே சொல்கிறது. ஆகவே ஒரே மோதலை விண்டோஸ் கணினியிலிருந்து பார்ப்பதும் லினக்ஸ் கணினியிலிருந்து பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மோதல் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான மோதல்களுக்குப் பின்னால் தீய நோக்கம் எதுவும் இருப்பதில்லை. பிரிண்டருக்கோ கண்காணிப்பு கேமராவுக்கோ கையால் ஒரு முகவரியைக் கொடுத்திருப்பார்கள். அது டிஹெச்சிபி சர்வர் மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் எண்களின் வரம்புக்குள்ளேயே இருக்கும். பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் சர்வர் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 தனிவலைகளுக்கென்று சில முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. எல்லா வலையும் அவற்றையே பயன்படுத்துவதால், வைஃபை வீச்சைக் கூட்டலாம் என்று இரண்டாவது ரவுட்டரை வாங்கிச் செருகும்போது இரண்டும் தங்களை 192.168.1.1 என்றே அறிவித்துக்கொள்வது சாதாரணம். சிறிய ரவுட்டர்கள் பல, மின்சாரம் போய் வந்தால் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிடும், வாங்கியவர்கள் மறப்பதில்லை. மெய்நிகர் கணினியைப் படியெடுத்து, எண்ணை மாற்றாமலே இயக்குவது இன்னொரு வழி.

சாதனத்தின் மென்பொருளே காரணமாவதும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஒரு சிக்கலை ஆவணப்படுத்தியது. வளாகத்தில் சில ஐபேடுகள் டிஹெச்சிபி குத்தகையைப் புதுப்பிக்காமல், காலம் முடிந்த பிறகும் அதே முகவரியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. சர்வரின் கணக்கில் அந்த எண் காலி. அதனால் அடுத்தவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்கு இணைப்பில் தொல்லை. விதியை மீறியது ஒரு சாதனம், பாதிக்கப்பட்டது விதிப்படி நடந்த இன்னொன்று என்ற இந்த அமைப்பு, ஐபி மோதல்களில் அடிக்கடி காண்பதுதான்.

உரிமை கோருமுன் விசாரிப்பது

மோதலைக் கண்டறியும் பழைய வழி, கேட்காமலே அறிவிக்கும் ஏஆர்பி. கணினி தன் வலை அட்டைக்கு உயிர் வந்ததும் தன் சொந்த முகவரியையே "யார்?" என்று கேட்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் நல்லது. யாராவது பதில் சொன்னால் முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸின் முந்தைய பதிப்புகள் இதைத்தான் செய்தன.

இதில் ஒரு குறை உண்டு. கேள்வி கேட்கும் பாக்கெட்டிலேயே கேட்பவரின் ஐபியும் மேக்கும் இருக்கின்றன. முன் சொன்ன விதிப்படி, அதைக் கேட்ட எல்லாக் கணினிகளும் தங்கள் அட்டவணையைப் புதியவருக்குச் சாதகமாக மாற்றிவிடும். முன்பிருந்தவர் எழுப்பும் மறுப்போ கேட்டவருக்கு மட்டும் நேராகப் போகிறது. மற்றவர்கள் காதில் விழுவதில்லை. முகவரி காலியா என்று விசாரிக்கும் செயலே, உள்ளே இருப்பவரின் இணைப்புகளைக் குலைத்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு, விசாரிக்கும்போது தன் ஐபியைச் சொல்லாமல் விடுவது. அனுப்புநர் ஐபி இருக்குமிடத்தில் 0.0.0.0 என்று போட்டுவிட்டால் யாருடைய அட்டவணையும் கலையாது. ஆனால் முகவரிக்காரர் பதில் சொல்வார். இதற்கு ஏஆர்பி சோதனைப் பாக்கெட் என்று பெயர். இந்த முறையை ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷையர் முழுமையாக வகுத்து 2008 ஜூலையில் ஆர்எஃப்சி 5227 ஆக வெளியிட்டார். டிஹெச்சிபி இல்லாத வலையில் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைக் கணினிகள் தாமே எடுத்துக்கொள்ளும் முறையை வரையறுத்த 2005ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3927இலும் அவர் ஓர் ஆசிரியர். தானாக எண் எடுக்கும் முறைக்கு மோதல் சோதனை இல்லாமல் உயிர் இல்லை. அங்கே கற்றதை எல்லா முகவரிகளுக்கும் விரித்ததே பிந்தைய ஆவணம்.

அதன் கால அட்டவணை இது: 0 முதல் 1 நொடி வரை ஏதோ ஒரு நேரம் காத்திரு, 1 முதல் 2 நொடி இடைவெளியில் 3 சோதனைகள் அனுப்பு, கடைசிச் சோதனைக்குப் பின் 2 நொடி பொறு, எதிர்ப்பு வராவிட்டால் முகவரியை எடுத்துக்கொண்டு 2 நொடி இடைவெளியில் 2 முறை அறிவி. கூட்டிப் பார்த்தால் முகவரி கைக்கு வர 4 முதல் 7 நொடி ஆகும். தொடக்கத்தில் காத்திருக்கும் நேரம் சீட்டுக் குலுக்கியதுபோல் அமைவது வேண்டுமென்றேதான்: மின்சாரம் வந்ததும் நூறு கணினிகள் ஒரே கணத்தில் கேள்வி கேட்கக் கூடாது.

முக்கியமானது இதற்குப் பிறகு வருவது. முகவரியை எடுத்துக்கொண்ட பின்னும் காது திறந்தே இருக்க வேண்டும் என்கிறது அந்த ஆவணம். தன் ஐபியை வேறொரு மேக் சொல்லக் கேட்டால் மூன்று வழிகள் தருகிறது. உடனே விலகலாம். ஒரு முறை அறிவித்துத் தற்காத்துப் பார்த்து, 10 நொடிக்குள் மறுபடி மோதல் வந்தால் விலகலாம். அல்லது, எல்லோரும் அந்த எண்ணையே நம்பியிருக்கும் ரவுட்டர் போன்ற சாதனமானால், அறிவிப்பின் வேகத்தை மட்டுப்படுத்திக்கொண்டு விலகாமல் நிற்கலாம். எந்த வழியை யார் எடுக்க வேண்டும் என்பதை ஆவணம் சாதனத்தின் வேலைக்கு விட்டுவிடுகிறது. உரிமைக் கேள்விக்குப் பொது விடை கிடையாது என்று தரநிலையே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

யார் விலகுவது: இயங்குதளங்களின் பதில்கள்

விண்டோஸ் முன்பிருந்தவர் பக்கம் நிற்கிறது. புதிதாக வரும் கணினி மோதலைக் கண்டால் அந்த முகவரியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும். திரையில் ஐபி மோதல் எச்சரிக்கை வரும். நிகழ்வுப் பதிவில் இரண்டு எண்களைப் பார்த்தால் யார் தோற்றார் என்பதே தெரிந்துவிடும்: 4198 என்றால் இந்தக் கணினியின் இடைமுகம் முடக்கப்பட்டது, 4199 என்றால் மோதல் கண்டறியப்பட்டது, வலை வேலைகளில் இடையூறு நேரலாம். இரண்டிலும் எதிராளியின் மேக் முகவரி பதிவாகும். தேடிப் பிடிக்க அதுதான் துப்பு. விஸ்டா முதற்கொண்டு 0.0.0.0 சோதனை முறை வந்தது. ஐபிவி4க்கு இயல்பாக 3 சோதனைகள். மோதலில் சிக்கிய முகவரிக்குப் பக்கத்தில் ஐபிகான்ஃபிக் கட்டளை 'டூப்ளிகேட்' என்று அடைப்புக்குறிக்குள் காட்டும், கணினி 169.254 எண்ணுக்கு இறங்கியிருக்கும். பயனருக்கு "இணையம் இல்லை" என்ற ஒரே அறிகுறிதான். அவர் அந்தக் கட்டளையைப் போடாவிட்டால் காரணம் தெரியாது.

மேக்ஓஎஸ் இதே பாதையில் செல்கிறது. வலையில் இன்னொரு சாதனம் உங்கள் கணினியின் ஐபி முகவரியைப் பயன்படுத்துகிறது என்று பயனருக்கு நேரடியாகவே சொல்லிவிடும். விண்டோஸும் மேக்ஓஎஸ்ஸும் ஒரு மேசைக் கணினியின் பார்வையில் யோசிக்கின்றன: ஒரு கணினி வலையை இழந்தால் ஒருவருக்கு நட்டம், பிடிவாதம் பிடித்தால் எதிரே இருப்பது சர்வராக இருக்கக்கூடும், எல்லோருக்கும் நட்டம். ஆகவே விலகு.

லினக்ஸின் கதை வேறு. ஐபிவி4க்கு அதன் கெர்னல் தானாக எந்தச் சோதனையும் செய்வதில்லை. முகவரியைக் கொடு என்றால் கொடுக்கும். இன்னொருவர் அதே முகவரியில் பேசினாலும் அதைப் பற்றிப் பதிவு எழுதுவதில்லை. ஆனால் வேறொருவர் 0.0.0.0 சோதனை அனுப்பினால் "நான் இருக்கிறேன்" என்று ஒழுங்காகப் பதில் சொல்லும்; அதற்கென்றே தனிப் பிரிவு அதன் ஏஆர்பி நிரலில் உண்டு. அதாவது, பிறர் தன்மேல் மோதாமல் காக்கும். தான் பிறர்மேல் மோதுகிறோமா என்று பார்க்காது.

பார்ப்பது கெர்னலுக்கு வெளியே உள்ள நிரல்களின் பொறுப்பு. ரெட் ஹேட் குடும்பத்தின் பழைய தொடக்க நிரல்கள் முகவரியைப் போடுமுன் ஆர்பிங் என்ற கருவியை மோதல் சோதனை முறையில் இயக்கிப் பார்க்கும். டிஹெச்சிபி வழியே முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபிசிடி என்ற நிரல் இயல்பாகவே சோதிக்கும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி 169.254 முகவரிகளுக்கு மட்டும் தானாகச் சோதிக்கும். மற்ற ஐபிவி4 முகவரிகளுக்கு நிர்வாகி கேட்டால்தான். நெட்வொர்க்மேனேஜரில் இந்தச் சோதனை நெடுங்காலம் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. அண்மைப் பதிப்புகளில் 200 மில்லிநொடி என்ற குறுகிய சோதனையை இயல்பாக்கியிருக்கிறார்கள். தரநிலை கேட்கும் 4 நொடிக்கும் இந்த 200 மில்லிநொடிக்கும் நடுவே இருப்பது ஒரு பேரம். சர்வர் ஏற்றத்தில் ஒவ்வொரு நொடியும் கணக்கு. கம்பி வழி வலையில் உயிரோடிருக்கும் சாதனம் சில மில்லிநொடிகளிலேயே பதில் சொல்லிவிடும். ஆகவே முழுத் தவத்தையும் இருக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பன்மையின் விலை, "லினக்ஸ் என்ன செய்யும்?" என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லாமற்போனது.

ஃப்ரீபிஎஸ்டி நடுவழியில் நிற்கிறது. இன்ன மேக் முகவரி என் ஐபி முகவரியைப் பயன்படுத்துகிறது என்று கெர்னல் பதிவில் வியப்புக்குறியோடு எழுதும். ஓர் ஐபி ஒரு மேக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தாலும் எழுதும். ஆனால் முகவரியை விடாது. சிஸ்கோ ரவுட்டர்களும் மோதும் முகவரி, இடைமுகம், எதிராளியின் மேக் மூன்றையும் எச்சரிக்கையாகப் பதிந்துவிட்டு வேலையைத் தொடரும். இவை சர்வர், ரவுட்டர் உலகத்தின் ஊகங்கள்: என்னை இந்த எண்ணில் அமர்த்தியவர் ஒரு நிர்வாகி, யாரோ ஒருவர் வந்து அதே எண்ணைச் சொன்னார் என்பதற்காக நான் எழுந்துபோனால் வலையே படுத்துவிடும், பதிவில் எழுதுகிறேன், நிர்வாகி பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பதிவை யாராவது படிக்கிறார்களா என்பதில்தான் இந்த ஊகத்தின் வெற்றி இருக்கிறது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் உருவான ஆர்ப்வாட்ச் என்ற கருவி இதற்காகவே: ஏஆர்பி பேச்சை ஒட்டுக்கேட்டு, ஒரு முகவரி இரண்டு மேக்குகளுக்கிடையே மாறிமாறித் தாவினால் 'ஃப்ளிப் ஃப்ளாப்' என்ற தலைப்பில் நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடும்.

குத்தகையும் அனுபவமும்

நிலத் தகராறில் பத்திரம் ஒருவர் கையில், அனுபவம் இன்னொருவர் கையில் என்று சொல்வதுண்டு. ஐபி மோதலும் அந்த வகைதான். டிஹெச்சிபி சர்வரின் குத்தகைப் பதிவு பத்திரம். ஏஆர்பிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது அனுபவம். இயங்குதளத்தால் பார்க்க முடிவது அனுபவத்தை மட்டும்.

1997இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131 இரண்டையும் ஒத்துப்பார்க்க இரண்டு இடங்கள் வைத்தது. முகவரியைக் கொடுக்குமுன் சர்வர் அந்த எண்ணைப் பிங் செய்து பார்க்கலாம். வாங்கிய பிறகு கணினி ஏஆர்பி வழியே சோதிக்கலாம். யாரோ இருக்கிறார் என்று தெரிந்தால் வேண்டாம் என்று சர்வருக்கு மறுப்புச் செய்தி அனுப்பி, குறைந்தது 10 நொடி பொறுத்து மறுபடி கேட்க வேண்டும்.

நடைமுறையில் முதல் சோதனை பலவீனமானது. சர்வர் வேறொரு கிளைவலையில் இருந்தால் அதற்கு ஏஆர்பி எட்டாது. பிங் மட்டுமே கைவசம். பிங்கைத் தீயரண் தடுக்கலாம். விண்டோஸின் தீயரண் வெளியிலிருந்து வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கிறது. ஏஆர்பிக்குப் பதில் சொல்லாமல் உள்வலையில் பிழைக்க முடியாது என்பதால் இரண்டாவது சோதனையே நம்பத்தக்கது. ஐஎஸ்சி டிஹெச்சிபி, டிஎன்எஸ்மாஸ்க் ஆகிய சர்வர் நிரல்கள் இரண்டும் கொடுக்குமுன் இயல்பாகப் பிங் செய்யும். விண்டோஸ் சர்வரில் 0 முதல் 5 வரை எத்தனை முறை என்று அமைக்கலாம். இயல்பு மதிப்பு 0.

மறுப்பு வந்த முகவரியை விண்டோஸ் சர்வர் 'பேட் அட்ரஸ்' என்று குறித்து ஒதுக்கிவைக்கும். ஐஎஸ்சி சர்வர் அதைக் கைவிடப்பட்டதாகக் குறிக்கும். பட்டியலில் இப்படிப்பட்ட பதிவுகள் மண்டத் தொடங்கினால், எங்கோ கையால் எண் போட்ட சாதனங்கள் இருக்கின்றன, அல்லது இரண்டாவது டிஹெச்சிபி சர்வர் ஒன்று முளைத்திருக்கிறது என்று அர்த்தம். அனுபவமே பத்திரத்தை முறியடித்துவிட்டது என்பதையும் இங்கே கவனிக்கலாம்: உரிய குத்தகை வாங்கிய கணினி விலகுகிறது, யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்திருப்பவர் தொடர்கிறார். அமைதியான வலைக்கு இது நல்ல விதி. நியாயமான விதி என்று சொல்ல முடியாது.

ஐபிவி6: விசாரணை கட்டாயமானபோது

ஐபிவி4இல் பிற்சேர்க்கையாக வந்தது ஐபிவி6இல் பிறவியிலேயே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 4862, ஒவ்வொரு தனி முகவரியையும் பயன்படுத்துமுன் மோதல் சோதனை செய்யச் சொல்கிறது. சோதனை முடியும்வரை முகவரி தற்காலிக நிலையில் இருக்கும். ஏஆர்பிக்குப் பதில் அண்டைச் சாதனத்தை விசாரிக்கும் செய்தி. அது எல்லோருக்கும் போகாமல், முகவரியின் கடைசி 24 பிட்டுகளிலிருந்து உருவாகும் பல்முனைக் குழுவுக்கு மட்டும் போகும். இயல்பாக 1 சோதனை, 1 நொடி காத்திருப்பு.

இங்கே லினக்ஸும் ஒதுங்கி நிற்க முடியாது. சோதனை கெர்னலுக்குள்ளேயே நடக்கிறது. தோற்ற முகவரிக்குத் தோல்விக் குறி விழும், கெர்னல் பதிவிலும் எழுதப்படும். மோதியது மேக் முகவரியிலிருந்து உருவான உள்ளிணைப்பு முகவரியானால், அந்த இடைமுகத்தில் ஐபிவி6ஐயே நிறுத்திவிடச் சொல்கிறது தரநிலை. வன்பொருள் முகவரியே இரட்டையாக இருக்கக்கூடும் என்ற ஐயம் காரணம்.

கட்டாயத்துக்கும் விலை உண்டு. கணினி எழும்போது முகவரி இன்னும் தற்காலிக நிலையில் இருக்கும் அந்த ஒரு நொடியில், ஒரு சர்வர் நிரல் அதில் அமர முயன்றால் இடம் கிடைக்காமல் விழுந்துவிடும்; ஐபிவி6ஐ முதன்முதலாக இயக்கிய பல நிர்வாகிகளுக்குப் பழக்கமான பிழை இது. இந்தக் காத்திருப்பைக் குறைக்க 2006இல் ஆர்எஃப்சி 4429, மோதாது என்ற நம்பிக்கையில் முகவரியை உடனே பயன்படுத்தத் தொடங்கி, சோதனையைப் பக்கத்தில் ஓடவிடும் முறையைத் தந்தது. முகவரியின் பாதியான 64 பிட்டுகளும் எழுந்தமானமாகத் தெரிவாகும்போது தற்செயல் மோதல் நடக்க வாய்ப்பே அரிது என்பதால் அந்த நம்பிக்கை நியாயமானதுதான். இன்னொரு விசித்திரமும் இருந்தது: வலையில் எங்காவது வளையம் இருந்தால் கணினி அனுப்பிய விசாரணை அதனிடமே திரும்பி வரும்; தன் குரலையே இன்னொருவர் குரலாக எண்ணி அது முகவரியை விட்டுவிடும். விசாரணையோடு ஓர் எழுந்தமான எண்ணைச் சேர்த்து, திரும்பி வருவது தன்னுடையதா என்று அறியும் முறையை 2015இல் ஆர்எஃப்சி 7527 சேர்த்தது.

பொய் எச்சரிக்கையும் கண்ணில் படாத மோதலும்

மோதல் இல்லாத இடத்தில் மோதலைக் காணும் நிகழ்வுகளில் புகழ்பெற்றது சிஸ்கோ சுவிட்ச் விவகாரம். எந்தச் சாதனம் எந்தத் துறையில் (போர்ட்) இருக்கிறது என்று கண்காணிக்கும் வசதி கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் உண்டு. அதற்காகச் சுவிட்ச் சாதனங்களுக்கு ஏஆர்பி சோதனை அனுப்பும். அனுப்புநர் ஐபி 0.0.0.0. விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் கணினி ஒன்று இணைப்பு வந்ததும் தன் முகவரிக்கு மோதல் சோதனை தொடங்கும் அதே வேளையில், சுவிட்சும் அதே முகவரியைக் குறித்துச் சோதனை அனுப்பிவிடும். ஆர்எஃப்சி 5227இன்படி, நாம் சோதிக்கும்போதே இன்னொரு மேக் அதே முகவரிக்குச் சோதனை அனுப்பினால் அவரும் அதே எண்ணுக்குப் போட்டியிடுகிறார் என்று கொள்ள வேண்டும். விண்டோஸ் விதிப்படி விலகியது. இரு பக்கமும் தவறென்று சொல்ல முடியாத இந்தச் சிக்கலுக்கு, சுவிட்சின் சோதனையை 10 நொடி தள்ளிப்போடுவது அல்லது அதன் சொந்த ஐபியிலிருந்து அனுப்பச் செய்வது தீர்வானது. விஎம்வேர் மெய்நிகர் கணினிகளில் விண்டோஸ் பதிவேட்டின் ஏஆர்பி மறுமுயற்சி எண்ணை 0 ஆக்கி மோதல் சோதனையையே அணைத்தவர்களும் உண்டு. அது தலைவலிக்குத் தலையை எடுப்பது. உண்மையான மோதல் வரும்போது அந்தக் கணினிக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கம், இருக்கும் மோதல் தெரியாமற்போகும் வழிகள் இன்னும் அதிகம். ஸ்பானிங் ட்ரீ இயங்கும் சுவிட்சில் ஒரு துறைக்கு உயிர் வந்ததும், வளையம் ஏற்படாமல் பார்க்க 15 நொடியாக இரண்டு கட்டம், ஆக 30 நொடி பாக்கெட்டுகளைக் கடத்தாது. கணினியின் சோதனையும் அறிவிப்பும் அதற்குள் முடிந்துவிடும். யார் காதிலும் விழாத கேள்விக்கு எதிர்ப்பு வராததை அது சம்மதமாக எடுத்துக்கொள்ளும். பயனர் கணினிகள் இணையும் துறைகளுக்கு இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வைஃபையில் பயனர்களை ஒருவரையொருவர் காணாமல் பிரித்துவைக்கும் அமைப்பு இருந்தால் சோதனை எதிராளியை எட்டாது. உறங்கும் மடிக்கணினி பதில் சொல்லாது. விழித்ததும் பழைய எண்ணோடு வரும். தனித்தனியாக இயங்கிய இரண்டு வலைகளை ஒரு கம்பியால் இணைத்தால், இருபுறமும் சோதனையில் தேறிய முகவரிகளே மோதும்.

எல்லாவற்றிலும் மோசமானது, மேக் முகவரியோடு சேர்த்துப் படியெடுத்த மெய்நிகர் கணினி. மோதல் சோதனை முழுதும் "என் ஐபி, ஆனால் வேறு மேக்" என்ற ஒப்பீட்டில் நிற்கிறது. மேக்கும் ஒன்றானால் இரு கணினிகளுக்கும் எதிராளி கண்ணில் படுவதில்லை. அங்கே உண்மையைப் பார்ப்பது சுவிட்ச் மட்டும்: ஒரே மேக் இரண்டு துறைகளுக்கிடையே தாவுவதை அது பதிவில் எழுதும். இயங்குதளத்தின் பதிவைப் பார்த்துவிட்டு மோதல் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

வேண்டுமென்றே பகிரும் முகவரி

ஒரு முகவரிக்கு இருவர் தயாராக இருப்பது சில இடங்களில் வடிவமைப்பின் நோக்கமே. விஆர்ஆர்பி நெறிமுறையில் இரண்டு ரவுட்டர்கள் ஒரு மெய்நிகர் ஐபியைப் பகிர்கின்றன. மெய்நிகர் மேக்கும் பொது என்பதால், ஒன்று விழுந்து மற்றது எழுந்தாலும் கணினிகளின் அட்டவணை மாற வேண்டியதில்லை. சர்வர் கொத்துகளில் மாற்றுச் சர்வர் முகவரியை எடுத்துக்கொண்டதும் கேட்காமலே அறிவிக்கும் ஏஆர்பியை அனுப்பி எல்லோர் அட்டவணையையும் தன் பக்கம் திருப்பும். பழைய சர்வர் உண்மையில் சாகாமல், இருவருக்கும் இடையிலான தொடர்பு மட்டும் அறுந்திருந்தால் இருவருமே தலைவராகிவிடுவார்கள். அப்போது பணிவாக விலகும் இயங்குதளம் சேவையைக் கெடுக்கும். பிடிவாதமாக நிற்கும் இயங்குதளம் மோதலை வளர்க்கும். எது சரி என்று சொல்ல, கொத்தை மேலாளும் நிரலுக்குத்தான் தகவல் உண்டு.

இதே கருவியைத் தாக்குபவரும் எடுப்பார். ரவுட்டரின் ஐபிக்குத் தன் மேக்கைச் சொல்லி வலையின் போக்குவரத்தைத் தன் வழியே திருப்புவது ஏஆர்பி ஏமாற்று. வருகிற ஒவ்வொரு சோதனைக்கும் "அது என்னுடையது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் புதிய கணினி எதற்கும் முகவரி கிடைக்காது. பணிவான விதியே ஆயுதமாகிவிடும். ஆர்எஃப்சி 5227, 10 மோதலுக்குப் பிறகு நிமிடத்துக்கு ஒரு முயற்சி என்று வேகத்தைக் குறைக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. மறைக்குறியியல் வழியாக முகவரி உரிமையை நிறுவும் செண்ட் என்ற முறை ஐபிவி6க்கு 2005இலேயே வந்தது. பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. களத்தில் வென்றது வேறு வழி: டிஹெச்சிபி எந்தத் துறைக்கு எந்த எண்ணைக் கொடுத்தது என்பதைச் சுவிட்சே குறித்துவைத்து, அதோடு ஒத்துப்போகாத ஏஆர்பி பாக்கெட்டைத் தூக்கி எறிவது.

தீர்ப்பு யார் கையில்

இந்த வளர்ச்சியின் திசை தெளிவானது. 1982இல் சொன்னதை நம்பு என்று தொடங்கியது. பிறகு கேட்டுவிட்டு எடு என்றானது. இன்று, கொடுத்தவரைக் கேள் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. அமேசானின் விபிசி போன்ற மேகவலைகளில் கணினிகள் ஒன்றையொன்று கேட்கும் பிராட்காஸ்டே கிடையாது; எந்த மெய்நிகர் அட்டைக்கு எந்த முகவரி என்பதைத் தளமே வைத்திருக்கிறது. விருந்தினர் இயங்குதளம் தனக்குத் தரப்படாத எண்ணைப் போட்டுக்கொண்டாலும் போக்குவரத்து அதைத் தேடி வராது. மோதலைக் கண்டறிய வேண்டிய தேவையே அங்கே கரைந்துவிடுகிறது.

வீடும் சிறிய அலுவலகமும் அந்த நிலைக்கு வர நாளாகும். அதுவரை இயங்குதளத்தின் சோதனை வேண்டும். அதை அணைப்பது எந்தச் சூழலிலும் நல்ல மருத்துவம் அல்ல; லினக்ஸ் சர்வரில் அணைந்திருந்தால் இயக்குவது நல்லது. ஆனால் அந்தச் சோதனையிடம் எதிர்பார்க்க வேண்டியது செய்தியை மட்டும். விண்டோஸ் விலகுவதும் ஃப்ரீபிஎஸ்டி நிற்பதும் தகவல் இல்லாத இடத்தில் எடுத்த முடிவுகள். இரண்டும் சில வேளை சரி, சில வேளை தவறு. அந்தத் தகவலை உருவாக்குவது வலையை நடத்துபவரின் வேலை. கையால் கொடுக்கும் எண்களை டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே வைப்பது, பிரிண்டருக்கும் கேமராவுக்கும் சர்வரிலேயே நிலையான ஒதுக்கீடு செய்வது, எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைப் புதுப்பித்து வைப்பது ஆகியவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. பட்டியல் இருக்கும் வலையில், பதிவில் விழும் அந்த ஒற்றை மேக் முகவரியை வைத்துத் தவறான சாதனத்தைச் சில நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பட்டியல் இல்லாத வலையில், முந்தி வந்தவர் வைத்ததே சட்டம்.